பூகோள டீச்சர் பதில்கள்: ஒரு மலைநாடு, இரண்டு கொடிகள்

போன மாதம் மழைநீர் எந்தப் பக்கம் பிரிந்து ஓடும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் நடுவில் இருக்கும் பிரென்னர் கணவாயை உதாரணம் காட்டியிருந்தேன். அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று ஆசிரியரும் எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க, அந்தக் கணவாயின் இரு பக்கமும் பரவிய டிரோல் என்ற மலைநாட்டைப் பற்றித்தான். என் மகள் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறாள். அவளோடு தங்கியபோது அந்த மலையின் இரண்டு பக்கமும் சுற்றியிருக்கிறேன். அதற்கு வெகு முன்பே, தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி ஒன்றில் ஐரோப்பிய வரைபடத்தைச் சுவரில் மாட்டி வைத்துப் பாடம் எடுத்த நாளிலிருந்தே அந்த எல்லைக் கோட்டின் மேல் எனக்கு ஒரு கண்.

கேள்வி: டூர் பஸ்ஸில் வெனிஸிலிருந்து இன்ஸ்ப்ரூக் போனோம். எல்லை வருவதற்கு ரொம்ப முன்னாலேயே கடைப் பலகைகளில் ஜெர்மன் வந்துவிட்டது. காப்பி கொடுத்த பெண்ணும் ஜெர்மனில்தான் பேசினார். இத்தாலிக்குள் இது எப்படி? கைடுக்குச் சொல்லத் தெரியவில்லை. (ஜனக்புரி வாசகர்)

நீங்கள் கடந்து வந்த போல்சானோ, பிரெசனோனே, விபித்தேனோ மூன்றுமே முதல் உலகப் போர் முடியும் வரை ஆஸ்திரியாவில் இருந்த ஊர்கள், ஐயா. அங்கே ஜெர்மன் பேசுகிறவர்களுக்கு அவை இன்றும் போட்சன், பிரிக்சன், ஷ்டெர்ட்சிங். ஆல்ப்ஸ் மலையின் வடசரிவிலும் தென்சரிவிலும் பரவிக் கிடந்த ஒரே நாடு டிரோல். 1363-இல் மார்கரெட் என்ற சீமாட்டி, ஒரே மகனைப் பறிகொடுத்தபின் அதை ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்திடம் ஒப்படைத்தார். நெப்போலியன் காலத்துச் சில வருஷங்களைத் தவிர 1918 வரை அது அவர்கள் கையில்தான் இருந்தது. அந்நாட்டின் தெற்குக் கோடியில் திரெந்தோ ஊரைச் சுற்றி இத்தாலி மொழி பேசுகிறவர்கள் இருந்தார்கள். அதற்கு வடக்கே போல்சானோவிலும் மெரானிலும் ஜெர்மன்தான். டோலமைட் மலைகளுக்கு நடுவில் சில பள்ளத்தாக்குகளில் லதீன் (லத்தீன் இல்லை) என்ற மூன்றாவது மொழியும் உண்டு.

இந்த நாட்டை ஒரு கோடு போட்டு வெட்டினால் என்ன ஆகும் என்பதை ஊர்களை வைத்தே பாருங்கள். நாட்டுக்குப் பெயர் தந்த டிரோல் கோட்டை, மெரானுக்கு மேலே ஒரு குன்றில், இன்றைய இத்தாலியில் நிற்கிறது. 1420-இல் தலைநகராக எடுத்துக்கொண்ட இன்ஸ்ப்ரூக் ஆஸ்திரியாவில். 1809-இல் நெப்போலியனின் கூட்டாளியான பவேரியாவை எதிர்த்துக் குடியானவர்களைத் திரட்டியவர் ஆந்திரியாஸ் ஹோஃபர். அவர் சத்திரம் நடத்தியவர். அவர் பிறந்த பசையர் பள்ளத்தாக்கு இத்தாலியில். 1810 பிப்ரவரி 20 அன்று இத்தாலியின் மாந்துவா நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எலும்புகள் பிற்பாடு இன்ஸ்ப்ரூக் தேவாலயத்துக்கு வந்தன, அது ஆஸ்திரியாவில். பிறந்த வீட்டிலிருந்து அவர் சமாதிக்குப் போக ஒரு தேச எல்லையைத் தாண்ட வேண்டும்!

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி, இத்தாலிக்குப் போன இந்த ஜெர்மன் பேசும் பகுதியான தென் டிரோலில் நூற்றுக்கு 69 பேர் ஜெர்மன், 26 பேர் இத்தாலி, நாலரைப் பேர் லதீன் மொழிக்காரர்கள். உங்களுக்குக் காப்பி கொடுத்த பெண் அந்த 69-இல் ஒருவர்.

கேள்வி: எல்லைகளை மக்களின் இனம் பார்த்து வகுக்க வேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சொன்னதாகப் படிக்கிறோம். அப்படியானால் ஜெர்மன் பேசும் பகுதி இத்தாலிக்கு எப்படிப் போனது? (பழைய ராஜேந்திர நகரில் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கும் மதுரைத் தம்பி)

நல்ல கேள்வி தம்பி. 1918 ஜனவரியில் வில்சன் வெளியிட்ட 14 அம்சங்களில் ஒன்பதாவது இத்தாலியைப் பற்றியது. தெளிவாகத் தெரியும் தேசிய இன எல்லைகளின்படி இத்தாலியின் எல்லையைச் சரிசெய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்பே பேரம் முடிந்துவிட்டது. 1915 ஏப்ரல் 26 அன்று லண்டனில் கையெழுத்தான ரகசிய ஒப்பந்தத்தில், எங்கள் பக்கம் நின்று போரிட்டால் பிரென்னர் வரை உனக்கு என்று பிரிட்டனும் பிரான்ஸும் ரஷ்யாவும் இத்தாலிக்கு வாக்குக் கொடுத்திருந்தன. ரஷ்யாவில் புரட்சி நடந்து போல்ஷெவிக்குகள் பழைய ஒப்பந்தங்களை அச்சிட்டு வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்கே அது தெரிந்தது. போர் முடிந்து பாரிசில் சமாதான மாநாட்டுக்கு உட்கார்ந்தபோது வில்சன் பிரென்னர் எல்லைக்குத் தலையசைத்தார். 1919 செப்டம்பர் 10 அன்று ஆஸ்திரியாவோடு செயின்ட் ஜெர்மைன் உடன்படிக்கை, 1920 அக்டோபர் 10 அன்று இத்தாலியோடு இணைப்பு. தேர்வில் 1915, 1919, 1920 மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் எழுது.

இத்தாலி சொன்ன நியாயம் பூகோளம். பிரென்னர் சுமார் 1,370 மீட்டர் உயரம். ஓட்டு வீட்டின் முகடு மாதிரி, அதன் வடக்கே விழும் மழை ஸில், இன் ஆறுகள் வழியாக டான்யூபுக்குப் போய்க் கருங்கடலில் சேரும். தெற்கே விழுவது ஐசாக், அடிஜே ஆறுகள் வழியாக அட்ரியாட்டிக் கடலுக்குப் போகும். இயற்கையே எல்லை போட்டுவிட்டது என்பது அவர்கள் வாதம். இதற்காக எத்தோரே தொலொமெய் என்ற இத்தாலியத் தேசியவாதி 1904-லேயே எல்லையோரச் சிகரம் ஒன்றில் ஏறி, அதற்கு ‘இத்தாலியின் உச்சி’ என்று பெயர் வைத்தார். பிறகு தென் டிரோலின் ஆயிரக்கணக்கான ஊர், ஓடை, மலைப் பெயர்களுக்கு உட்கார்ந்து இத்தாலிப் பெயர் தயாரித்ததும் அவர்தான்.

பூகோளம் படித்தவள் என்ற முறையில் எனக்கு இதில் கோபம் உண்டு. வரைபடத்தில் கிழக்கே திரும்பி திராவ் ஆற்றைப் பார். அது டோப்லாக், இன்னிஷன் பக்கம் பிறந்து கிழக்கே ஓடி ஆஸ்திரியாவின் லியென்ஸ் ஊரைத் தொட்டு டான்யூபில் சேர்கிறது. நீர் பிரியும் மேடுதான் எல்லை என்றால் இன்னிஷன் ஆஸ்திரியாவுக்குச் சேர்ந்திருக்க வேண்டும். அதுவும் இத்தாலிக்கே போனது. தங்களுக்குத் தோதான இடத்தில் தண்ணீரைக் காட்டினார்கள், தோதில்லாத இடத்தில் மறந்துவிட்டார்கள். இதில் இன்னொரு கொடுமை, லியென்ஸைச் சுற்றிய கிழக்கு டிரோல் தனித்துண்டாகத் தொங்கியது. இன்றும் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலம் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு துண்டுகள்தான்.

கேள்வி: என் பேரன் தமிழ் நன்றாகப் பேசுகிறான், ஒரு வரி படிக்கத் தெரியாது. அந்த மலை ஜனங்கள் மட்டும் நூறு வருஷமாக எப்படி மொழியைக் காப்பாற்றினார்கள்? (ஆர்.கே. புரம் வாசகி)

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன்.

முசோலினி ஆட்சிக்கு வந்த மறுவருஷம், 1923-இல், பள்ளிகளில் ஜெர்மன் மொழிக்குத் தடை வந்தது. ஒவ்வொரு வகுப்பாக, மேலே ஏற ஏற, எல்லாம் இத்தாலி மொழி. ஜெர்மன் ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, குழந்தைகள் பேசுவது புரியாத ஆசிரியர்களைத் தெற்கிலிருந்து கொண்டுவந்தார்கள். நீதிமன்றம், அலுவலகம், பெயர்ப் பலகை, எல்லாவற்றிலும் அதுவே. அப்போது மிகையேல் காம்பர் என்ற பாதிரியார், வீடே பள்ளிக்கூடமாக மாற வேண்டும் என்று எழுதினார். பண்ணை வீட்டு அடுக்களையிலும் பரணிலும் களஞ்சியத்திலும் ரகசிய வகுப்புகள் தொடங்கின. ரோமில் ஆதிக் கிறிஸ்தவர்கள் ஒளிந்து வழிபட்ட நிலவறைகளின் பெயரால் அவற்றுக்கு நிலவறைப் பள்ளிகள் என்று பெயர். பாடம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். தையல் வகுப்பு என்று சொல்லி உட்காருவார்கள். ஆஞ்சலா நிகோலெட்டி என்ற ஆசிரியை இதற்காகக் கைதாகிச் சிறை போனார். காசநோய் கண்டு 1930-இல் இறந்தபோது அவருக்கு வயது 25.

மகள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாவின் பாட்டி அப்படிப் பரணில் எழுத்துப் படித்தவர். அந்த நோட்டை எனக்குக் காட்டினார். பென்சில் எழுத்து, கோடு போடாத பழுப்புத் தாள், பக்கத்தின் மூலை வரை ஓரம் விடாமல் எழுதியிருக்கிறது. தாள் கிடைப்பதே அரிதாம்.

இதைப் பார்த்தபின் எனக்கு ஒன்று உறுதியாகப் பட்டது. அந்தப் பெண்கள் குழந்தைகளுக்குப் பேசக் கற்றுத்தரவில்லை. பேச்சு வீட்டில் இருந்தது, அதை எந்தப் போலீசாலும் நிறுத்த முடியவில்லை. அவர்கள் தேடிப் போய்க் கொடுத்தது எழுத்தை. எழுத்துத் தெரிந்ததால்தான் இரண்டாம் உலகப் போர் முடிந்து சட்டப்படி ஜெர்மன் பள்ளிகள் திறந்தபோது அந்தத் தலைமுறையால் தொடர முடிந்தது. உங்கள் பேரன் இருக்கும் இடத்தில் நீங்கள் பாதி தூரம் கடந்துவிட்டீர்கள். மீதிப் பாதிக்கு தினம் அரைமணி போதும். நம் கழகத்துக்கு இந்த ஊரில் ஏழு பள்ளிகள் இருக்கின்றன, அங்கே தமிழ் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கேட்டால் வழி சொல்வார்கள். பையனைச் சேர்க்க முடியாத தூரமென்றால், நீங்களே இந்தப் பத்திரிகையின் சிரிப்புப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பை முதலில் அவன் வாசிக்கட்டும், மீதியை நீங்கள் வாசியுங்கள். என் மாணவர்களிடம் பலித்த வழி இது. தமிழ் எழுத்தைப் பரணில் ஒளித்துக் கற்பிக்கும் நிலை நமக்கு இல்லை அம்மா, அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம். இந்த வாரமே தொடங்குங்கள்.

கேள்வி: சாணக்கியபுரியில் ஒரு தூதரகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஐ.நா. சபைக்குப் போன எல்லைப் பிரச்சினை எதுவும் தீர்ந்து நான் பார்த்ததில்லை. இது மட்டும் தீர்ந்ததா? (மயூர் விகார் வாசகர்)

தீர்ந்தது, ஐயா. ஆனால் எவ்வளவு காலம் எடுத்தது என்று கேளுங்கள்.

1939-இல் ஹிட்லரும் முசோலினியும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். தென் டிரோலின் ஜெர்மன்காரர்கள் வருஷக் கடைசிக்குள் தீர்மானிக்க வேண்டும்: ஜெர்மனிக்குக் குடிபெயர்வதா, இத்தாலியில் இருந்து மொழியை விடுவதா? ஊரை விடு, இல்லாவிட்டால் மொழியை விடு. நூற்றுக்கு 85-க்கு மேற்பட்டவர்கள் போவதாக எழுதிக் கொடுத்தார்கள். போர் குறுக்கே வந்ததால் உண்மையில் போனவர்கள் 75,000 பேர் அளவில்தான். அண்ணன் போகிறேன் என்றும் தம்பி இருக்கிறேன் என்றும் கையெழுத்துப் போட்டு வீடுகள் பிளந்தன. இருக்கிறேன் என்றவர்களை ஊர் துரோகி என்றது. அந்தக் காயம் எல்லைக் கோட்டைவிட ஆழமானது என்று அங்கே வயதானவர்கள் பேச்சிலிருந்து எனக்குத் தோன்றியது.

1946 செப்டம்பர் 5 அன்று பாரிசில் இத்தாலியப் பிரதமர் தெ காஸ்பெரியும் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் கார்ல் குரூபரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். தாய்மொழிப் பள்ளி, அலுவலகத்தில் இரு மொழிக்கும் சம உரிமை, தன்னாட்சி, எல்லாம் அதில் உண்டு. தெ காஸ்பெரி திரெந்தோ பக்கத்துக்காரர். பழைய ஆஸ்திரியப் பேரரசின் வியன்னா நாடாளுமன்றத்திலேயே உறுப்பினராக இருந்தவர். சிறுபான்மையாக இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். இருந்தும் 1948-இல் வந்த சட்டம் தென் டிரோலைத் திரெந்தோவோடு ஒரே பிராந்தியமாகக் கட்டிவிட்டது. கூட்டிப் பார்த்தால் அங்கே இத்தாலி மொழிக்காரர்களே பெரும்பான்மை. கொடுத்த தன்னாட்சி பெரும்பான்மையின் கையில் போனது!

1957 நவம்பரில் போல்சானோ அருகே சிக்மண்ட்ஸ்க்ரோன் கோட்டையில் சுமார் 35,000 பேர் கூடினார்கள். போரில் ஒரு காலை இழந்த சில்வியஸ் மக்னாகோ என்ற தலைவர், திரெந்தோவிலிருந்து எங்களைப் பிரித்து விடுங்கள் என்று முழங்கினார். கவனியுங்கள், அவர் கேட்டது இத்தாலியிலிருந்து பிரிய அல்ல. கூட்டத்தைக் கலவரமாகாமல் வீட்டுக்கு அனுப்பியதும் அவர்தான். 1960-இல் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் புரூனோ கிரைஸ்கி விஷயத்தை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனார். 1946 ஒப்பந்தத்தில் ஆஸ்திரியாவும் கையெழுத்திட்டிருந்ததால், இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று இத்தாலியால் கதவை மூட முடியவில்லை. இரு நாடும் பேசித் தீர்க்க வேண்டும் என்று சபை தீர்மானம் போட்டது. மறு வருஷம் ஜூன் 11 இரவு, பொறுமை இழந்த ஒரு குழு 37 மின்கம்பங்களை வெடி வைத்துத் தகர்த்தது. அடுத்த நாள் வெடிக்காமல் கிடந்த ஒரு குண்டுக்குச் சாலைப் பணியாளர் ஒருவர் பலியானார். பிறகும் சில வருஷம் ரத்தம் சிந்தியது. கைதானவர்கள் காவலில் சித்திரவதை பட்டார்கள்.

முடிவு வந்தது கமிட்டி அறையிலிருந்து. இத்தாலி அரசு அமைத்த 19 பேர் குழுவில் கல்வி, நீதிமன்றம், வேலை, வீட்டு வசதி என்று ஒவ்வொன்றாக எடுத்து 137 ஏற்பாடுகள் எழுதினார்கள். 1969-இல் ஒப்புதல், 1972-இல் புதிய தன்னாட்சிச் சட்டம். அதோடு நிற்கவில்லை. அத்தனையையும் நிறைவேற்ற இன்னும் இருபது வருஷம் பிடித்தது. 1992-இல்தான் தகராறு முடிந்தது என்று ஆஸ்திரியா ஐ.நா.வுக்கு எழுதிக் கொடுத்தது. எல்லைக் கோடு 1919-இல் போட்ட இடத்திலேயே இருக்கிறது. எந்த மொழியில் புகார் எழுதலாம், எந்த மொழியில் நீதிபதி கேட்பார், வசூலாகும் வரியில் எவ்வளவு அங்கேயே தங்கும் என்பவை மாறின. இன்று வரியில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு அந்த மாகாணத்திடமே இருக்கிறது. 137 என்ற அந்த அலுப்பூட்டும் எண்ணின் மேல் எனக்குத் தனி மரியாதை. உங்களைப் போலக் கோப்புகளோடு வாழ்ந்தவர்களுக்கு இது புரியும்.

கேள்வி: அங்கேயும் இட ஒதுக்கீடு உண்டாமே? (முனிர்கா வாசகர்)

உண்டு. அரசு வேலைகளை மூன்று மொழிக் குழுக்களுக்கும் மக்கள்தொகை விகிதப்படி பிரிக்கிறார்கள். அதோடு இருமொழித் தேர்வும் எழுத வேண்டும். ஒரு காலத்தில் ரயில்வேயிலும் தபாலிலும் வெளியிலிருந்து வந்தவர்களே நிறைந்திருந்ததால் இது நியாயமாகவே வந்தது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கணக்கெடுப்பில், நான் இந்தக் குழு என்று ஒவ்வொருவரும் எழுதிக்கொடுக்க வேண்டும். அப்பா இத்தாலி, அம்மா ஜெர்மன் என்றால் பிள்ளை எதை எழுதும்? ஷ்டெர்ட்சிங்கில் பிறந்த அலெக்சாண்டர் லாங்கர் என்ற அரசியல்வாதி 1981-இல் எந்தக் குழுவிலும் சேர மாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர், 1995-இல் போல்சானோ மேயர் தேர்தலில் நிற்க அந்த ஒரே காரணத்தால் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஜெர்மன் பள்ளி தனி, இத்தாலிப் பள்ளி தனி. லதீன் பள்ளத்தாக்குகளில் மட்டும் ஒரே பள்ளியில் இரு மொழியையும் சரிபாதியாக வைத்து, லதீனும் சொல்லித் தருகிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த லதீன் முறைதான்.

கேள்வி: பனிக்குள்ளே கிடைத்த ஓட்ஸி மனிதன் எந்த நாட்டுக்காரன்? (எட்டாம் வகுப்பு மாணவி, நொய்டா)

கண்ணம்மா, அவர் செத்து 5,000 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது நாடே கிடையாது! 1991 செப்டம்பர் 19 அன்று மலையேறப் போன ஒரு ஜெர்மன் தம்பதி 3,210 மீட்டர் உயரத்தில் அவரைக் கண்டார்கள். முதலில் ஆஸ்திரியா என்று நினைத்து இன்ஸ்ப்ரூக்குக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அளந்து பார்த்தால், எல்லையிலிருந்து 92.56 மீட்டர் இத்தாலிப் பக்கம். 1919-இல் எல்லை போட்டபோது அந்த இடத்தைப் பனி மூடியிருந்ததால் நீர் பிரியும் மேடு சரியாகத் தெரியவில்லை. 1998 முதல் போல்சானோ அருங்காட்சியகத்தில், கழித்தல் 6 டிகிரிக் குளிரில் அவரை வைத்திருக்கிறார்கள். சின்னச் சன்னல் வழியாகப் பார்க்கலாம். அவருடைய செப்புக் கோடரியையும் புல் திணித்த காலணியையும் பார்க்க மறக்காதே.

கேள்வி: நாங்களும் போக ஆசைப்படுகிறோம். வயதானவர்களுக்கு ஒத்து வருமா? விசா எத்தனை? (கரோல்பாக் தம்பதி)

ஒரே ஷெங்கன் விசா போதும். 1998 ஏப்ரல் முதல் பிரென்னரில் வழக்கமான சோதனைச் சாவடி இல்லை. இன்ஸ்ப்ரூக்கிலிருந்து போல்சானோவுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். 1867-இல் போட்ட பாதை அது, சன்னலோரம் கேட்டு வாங்குங்கள். ஷ்டெர்ட்சிங்கில் இறங்கி ஒரு மணி நேரம் தெருவில் நடங்கள், மேடு பள்ளம் அதிகம் இல்லை. டிரோல் கோட்டைக்கு மெரானிலிருந்து பஸ் உண்டு, கடைசித் துண்டு மட்டும் நடை.

போல்சானோவில் நீதிமன்றச் சதுக்கத்துக்குப் போங்கள். எதிரே உள்ள அரசுக் கட்டடத்தில் முசோலினி குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் பெரிய கற்சிற்பம் இருக்கிறது. அதை இடிக்காமல், கீழ்ப்படியும் உரிமை எவருக்கும் இல்லை என்ற பொருளில் ஹன்னா அரெண்ட் என்ற சிந்தனையாளர் சொன்ன வாக்கியத்தை 2017-இல் மூன்று மொழியிலும் அதன் மேலே ஒளிரும் எழுத்தில் பொருத்தினார்கள். மாலை இருட்டியபின் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

முழங்கால் ஒத்துழைத்தால் ஜூன் நடுவில் போங்கள். இத்தாலிப் பக்கத்து ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கின் மேய்ப்பர்கள் ஆயிரக்கணக்கான ஆடுகளைப் பனிமேட்டைக் கடந்து ஆஸ்திரியாவின் ஃபென்ட் கிராமத்து மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவார்கள், செப்டம்பர் நடுவில் திருப்பி ஓட்டி வருவார்கள். அந்த மேய்ச்சல் உரிமைக்கு 1415-ஆம் வருஷத்துப் பத்திரமே இருக்கிறது. எல்லை வந்த பிறகும் அது செல்லுபடியாகிறது. 2019-இல் யுனெஸ்கோவும் அங்கீகரித்தது. நீங்கள் மேட்டுக்கு ஏற வேண்டாம், ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கின் கோடியில் உள்ள கிராமத்திலேயே நின்று பார்க்கலாம். ஆடு கிளம்பும் நாள் பனியைப் பொறுத்து மாறும், அதனால் இரண்டு மூன்று நாள் கையிருப்பு வைத்து அறை எடுங்கள். சைவம் என்றால் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டி போட்ட உருண்டைகளும் கிடைக்கும். உருண்டையில் பன்றிக்கறி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.